நீக்கிய பெயர்

பொரளை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை திரீவீலரில் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழி முழுக்க அம்மா வாய் திறக்கவில்லை. வோர்டில் அவருடைய இதயம் பதினொரு நிமிடம் நின்று, திரும்ப ஓடியிருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் நான் ஒரு மடத்தனம் செய்திருந்தேன். எங்கள் மாதா கோயிலுக்குக் கணினிப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். பூசையில் வாசிக்க நோயாளருக்கு ஒரு பட்டியல், மரித்தோருக்கு ஒரு பட்டியல். அழுதுகொண்டே, கைப்பழக்கத்தில், போனிலேயே அம்மாவின் பெயரை இரண்டாவதில் ஏற்றிவிட்டேன்.

வீடு வந்த மூன்றாம் நாள் மரித்தோர் திருநாள். மாலைப் பூசையில் பெயர்களை வாசிப்பார்கள். அம்மாவும் வருவார். தன் பெயரை அங்கே அவர் கேட்கக் கூடாது.

மேபல் என்ற அம்மாவின் பெயரை நீக்கினேன். மேபல் இருக்கிறாரா என்று புரோகிராமைக் கேட்டேன். இல்லை என்றது. பட்டியலை அச்சடித்தேன்.

இருந்தார்.

பேனாவால் வெட்டியிருக்கலாம். ஆனால் நான் எழுதியதே எனக்குப் பொய் சொன்னால் பொறுக்குமா? கந்தோரில் என்னோடு புரோகிராம் எழுதும் சிநேகிதி டில்ஷானிக்குப் போன் எடுத்தேன். பிழை என்னுடையதல்லவாம், கணினி மொழியோடு கூடவே வரும் ஆயத்த நிரல்களில், லைப்ரரியில்தானாம். நீக்கிய பெயரைக் கேட்டால் இல்லை என்னும், வரிசையாக வாசித்தால் வந்து நிற்கும். புதிய பதிப்பில் திருத்திவிட்டார்களாம்.

"அம்மா, தேத்தண்ணி போடட்டோ?"

பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன், கதிரையில் சாய்ந்தபடி இருந்தார். மூன்று நாளும் இப்படித்தான். கூப்பிட்டால் இல்லை, போய்ப் பார்த்தால் இருப்பார். அறையெல்லாம் வோர்டின் ஸ்பிரிட் வாடை.

புதிய பதிப்பை ஏற்றி அச்சடித்தேன். பெயர் போய்விட்டது. சந்தோஷத்தில் அறைக்கு ஓடினேன்.

கதிரை வெறுமையாக இருந்தது.

குசினியில் இல்லை. குளியலறையில் இல்லை. முன்கதவு உள்ளே பூட்டியபடி இருந்தது. கோயிலில் முதல் மணி அடித்தது. பழைய பதிப்பையே திரும்ப ஏற்றி அச்சடித்தேன். மேபல் சவுந்தரநாயகம்.

உள்ளே கதிரை கிரீச்சிட்டது.

பேனாவால் வெட்ட இனி எனக்குத் துணிவில்லை. எனக்கு அம்மா வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பட்டியலை அப்படியே கொண்டுபோய், வாசிக்கும் ஒஸ்வால்ட் அங்கிளிடம் கொடுத்தேன்.

கோயில் வாங்கில் அம்மா என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவருடைய கையைப் பிடித்திருந்தேன். ஐஸாகக் குளிர்ந்தது.

"மேபல் சவுந்தரநாயகம்."

மூன்று நாளாக என் ஒரு கூப்பாட்டுக்கும் பதில் சொல்லாத அம்மா, நிமிர்ந்தார். எழும்பினார். என் கையை விடவில்லை.

"ஓம்," என்றார். "வாறம்."

வாறன் என்று ஒருமையில் சொல்லவில்லை.