பூட்டிய வீட்டுக்கு ஒரு தோட்டம்

"பூட்டுன வூட்டுல பூக்குற மாதிரி செடி இருக்குதுங்களா?"

புதன்கிழமை. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். நெடுஞ்சாலையோரம் தமிழ்மாறன் வைத்திருக்கும் நர்சரிக்கும் அந்த இரண்டு நாள்தான் கூட்டம். மற்ற நாட்களில் பாதி கேட்டைச் சாத்திவிட்டு, கை முழுக்க மண்ணோடு தொட்டி மாற்றிக்கொண்டிருப்பான். அந்தப் பாதி கேட்டுக்குள், துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி தூறலோடு தூறலாக வந்து நின்றவள் கேட்ட கேள்வி அது.

நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னான்.

"அப்படின்னா பிளாஸ்டிக் பூதாங்க. பெரம்பலூர் டவுன்ல கெடைக்கும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சத்தமே இல்லையே என்று நிமிர்ந்தான்... நிமிராமலே இருந்திருக்கலாம். பெரிய கண்கள். விழலாமா வேண்டாமா என்று இமையோரம் நிற்கும் நீர். மழைத்துளிதான் என்று தன்னை ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தான்; முடியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத தன்னைத் தானே திட்டிக்கொண்டான்.

வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பியவளைச் சமாதானப்படுத்தி, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவள் பெயர் வெற்றிச்செல்வி. குன்னத்துப் பெண்; மஸ்கட்டில் நர்ஸ். அப்பா அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா போய் இருபது நாள் ஆகிறது. விமானம் பிடித்து, பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். யார் யாருடைய அம்மாவுக்கோ கைத்தாங்கலாக இருந்து மருந்து கொடுத்தவள், தன் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதத்தில் அவர் வளர்த்த ரோஜாவும் முல்லையும் கனகாம்பரமும் தண்ணீரில்லாமல் குச்சியாகிவிட்டன. இன்னும் பன்னிரண்டு நாளில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். யாருக்காக வருவது? ஆனால் அம்மாவின் வாசல் மட்டும் செத்துக் கிடக்கக் கூடாது. ஆளே இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் அது பூக்க வேண்டும்.

இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு செடிக்காரனிடம் ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான், அதனால்தானோ என்னவோ.

பிறகு அவன் விசாரித்தான். என்ன மண்? கரிசல். வெயில்? நாள் முழுக்க. ஆடு வருமா? தெருவில் உள்ள அத்தனை ஆடும் வரும். எழுந்து போய் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். காகிதப்பூ... ஒரு ஐப்பசி மழையில் வேர் ஊன்றிவிட்டால் கோடையைத் தாண்டிவிடும். செவ்வரளி... ஆடு வாய் வைக்காது. நந்தியாவட்டை... கொஞ்சம் நிழல் கொடுத்து வளர்த்துவிட்டால் பிறகு தன் பாட்டுக்குப் பூக்கும். இதற்குள் அவள் கை ஒரு சிவப்பு ரோஜாவுக்குப் போயிருந்தது.

"அது வேணாங்க. ரோஜா ஆளத் தேடும்" என்றான் மெதுவாக.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் லோடு ஆட்டோவில் செடிகளோடு அவனே குன்னத்துக்கு வந்தான். கோடையில் கரிசல் வெடிக்கும்போது வேரையும் அறுத்துவிடும் என்று குழிக்குக் குழி செம்மண்ணும் மணலும் கலந்து போட்டான். மேலே மக்காச்சோளச் சக்கையைப் பரப்பினான். ஒரே நாளில் முடிகிற வேலைதான்... எப்படியோ மூன்று நாள் இழுத்தது. ஊசி போடுகிற கை மண்வெட்டி பிடிக்கிற அழகை அவன் கிண்டல் செய்ய, ஊசியும் வீட்டில்தான் இருக்கிறது, போட்டுக் காட்டவா என்று அவள் கேட்டாள். அவன் பயந்ததுபோல் கையை மறைத்துக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு முதல் சிரிப்பு. சிரித்த கையோடு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நொடியில்தான் அவனுக்கு அவள்மேல் ஆசை வந்தது. வந்ததும் பயந்துபோனான்.

கடைசி நாள் கிளம்புமுன், அவள் கேட்காமலே, பத்து நாற்றுகளை வாசலோரம் வரிசையாக நட்டான். இளஞ்சிவப்பில் ஐந்து இதழ். நித்தியகல்யாணி. இது நான் கொடுப்பது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் சித்தி கலியம்மாள் வந்தாள். வாசலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் நித்தியகல்யாணி தானாக முளைத்துக் கிடப்பது இடுகாட்டில்தான். யாரும் அதை வீட்டு வாசலில் வைக்கமாட்டார்கள்.

"கருமாதி ஈரம் காயல. அதுக்குள்ள சுடுகாட்டுப் பூவ வாசல்ல நட்டு வச்சிருக்கான். அடுத்த சாவுக்கு வெத்தல பாக்கு வைக்கிறானா?"

பத்தையும் பிடுங்கித் தெருவில் எறிந்தாள் சித்தி. அந்தச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது வெற்றிச்செல்விக்குத் தெரியும். அவளுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் வேரோடு கிடந்த அந்தப் பூக்களைப் பார்த்ததும், தான் பார்க்காமல் போன அந்த அடக்கம் கண்முன்னே வந்து நின்றது. போனை எடுத்தாள்.

"சாவு வூடுன்னு தெரிஞ்சுதானே நட்டீங்க? உங்ககிட்ட அழுதது என் தப்பு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் ஒரு காரணமும் சொல்லவில்லை. சரிங்க என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்தச் 'சரிங்க' மனதுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவனே கூப்பிடட்டும் என்று அவள் இருக்க, கூப்பிட முகமில்லாமல் அவன் இருக்க, ஐந்து நாள் வீணாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை அவளே சிறுவாச்சூருக்குப் போனாள். கோயில் கூட்டம் நர்சரியை மொய்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தான். தெரிந்து செய்தீர்களா, தெரியாமலா என்று கேட்டாள். அவன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"தெரிஞ்சுதாங்க. என் சம்சாரம் கீதாஞ்சலி மஞ்சக்காமாலையில போயி நாலு வருசம் ஆச்சு. பொதச்ச எடத்துக்கு ரெண்டு வருசம் நான் போகவே இல்ல. தெம்பு இல்ல. ஒருநாள் போனேன்... யாரும் தண்ணி ஊத்தல, யாரும் எட்டிப் பாக்கல. அந்த மேடு பூரா இந்தப் பூதான். அந்த வெதையில வந்த நாத்துங்க அது. நான் யாருக்கும் விக்கறதில்ல. நீங்க வந்து அப்படிக் கேட்டப்ப, எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்... மத்தவங்களுக்கு அது என்ன பூன்னு யோசிக்காம வச்சுட்டேன். தப்புதாங்க."

எவ்வளவு பெரிய ஒன்றைத் தெருவில் எறிய விட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மிச்சம் நாற்று இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. தன்னோடு ஓரிடத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

அவள் வீட்டில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. வழியில் வீட்டுக்குப் போனபோது சித்தி வாசலை மறித்துப் பார்த்தாள், அழுதுகூடப் பார்த்தாள். வெற்றிச்செல்வி அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு நடந்தாள். அம்மாவின் மேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். இவ்வளவுதானா அம்மா என்று உட்கார்ந்துவிட்டாள். தமிழ்மாறன் குழி எடுத்தான். அவள் நாற்றை வைத்தாள். இத்தனை நாள் வாய்விட்டு அழாதவள் அங்கேதான் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.

மூன்றாம் நாள் அரியலூர் ரயில் நிலையம். சென்னைக்குப் போய் அங்கிருந்து விமானம். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தாள். நனைந்துபோய் நடைமேடையில் நின்றிருந்தான். செடிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதற்கு இனி யாரும் வரவேண்டியதில்லை என்றான். அவளும் தலையாட்டினாள்.

"ஆனா நான் வாரம் ஒருக்கா குன்னத்துக்கு வருவேன்."

"எதுக்குங்க?"

வண்டி வரும் சத்தம் கேட்டது. அவன் ஓரடி கிட்டே வந்தான்.

"உங்களப் புடிச்சிருக்குங்க. கீதாஞ்சலிய மறக்கல, மறக்கவும் மாட்டேன். அதையும் சொல்லிரணும்ல."

"மறக்கச் சொல்லல." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "திரும்பி வரவே கூடாதுன்னுதான் அந்தச் செடிங்கள வாங்குனேன். இப்ப அடுத்த லீவு வரைக்கும் ரெண்டு வருசம் எப்படிப் போகும்னு பயமா இருக்கு... எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு."

வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும். பெட்டியைத் தூக்கி அவனே உள்ளே வைத்தான். ஊருக்குக் கிளம்புகிற யாரும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. அம்மா போன பிறகு அதைச் சொல்ல அவளுக்கு ஆளில்லை. காலையில் சித்தியிடம்கூட, கிளம்புகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வண்டியில் ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேங்க" என்றாள்.