அறுபத்தேழு மில்லிமீட்டர்

அன்றைக்கு முகமூடி வலிக்கவில்லை.

ஐந்து வாரமாக அவள் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முகமூடியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு நசுங்கும். தளர்த்தினால் மொத்தமும் தாடைக்குச் சரியும். எப்படிப் போட்டாலும் கண்ணுக்கான ஓட்டைகள் இரண்டும் நேராக வராமல் மூக்குப் பக்கமாக ஒதுங்கியே நிற்கும். அன்று, சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்து மாட்டியபோது, டப்பாவுக்கு அதன் மூடி பொருந்துவதுபோல் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. உள்ளே சிவப்பு விளக்குகள் எரிந்தன. சூடேறிய ரப்பரின் வாசனை, காதோரம் கொசு ரீங்காரம்போல ஓர் ஓசை, அடுப்படியில் கணவன் பாத்திரங்களை உருட்டும் சத்தம். எல்லாம் வழக்கம்போலத்தான். ஓட்டைகள் வழியாகக் கூரை மட்டும் முழுசாகத் தெரிந்தது. முதல் முறையாக.

பத்து நிமிடம் முடிந்து பீப் அடித்ததும் கழற்றி, ஆசையோடு கண்ணாடியில் பார்த்தாள். இடது கன்னத்துக் குழித்தழும்புகள் பதினொன்றும் அப்படியே இருந்தன. எரிச்சலாக வந்தது.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். சுற்றிலும் பன்னிரண்டு நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கன்னம்தான். பிரேம் போட்டுப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருத்தி, "இதுக்கு ஏதாவது ட்ரீட்மென்ட் எடுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அதற்குப் பிறகுதான், தினம் பத்து நிமிடம் போட்டால் தழும்பு மறையும் என்று, இந்த ஒளி முகமூடி வந்தது.

"இன்னிக்கு கரெக்டா ஃபிட் ஆச்சுங்க," என்றாள் கணவனிடம்.

"பட்டை தளர்ந்திருக்கும்." அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவனிடம் இரண்டே காரணங்கள்தான்: ஒன்று பட்டை, இல்லாவிட்டால் மோட்டார். "ஆனா முகத்துல களை வந்துடுச்சு. விடாம போடு."

"களையா? தழும்பு அப்படியே இருக்கு. கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

"உன் கடையிலேயே ஒண்ணு மாட்டி விடு, பார்த்துச் சொல்றேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டதும் தரை மேலே எழும்பி வந்தது. படியில் கால் தடுமாறியது. மதியத்துக்குள் நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அளவு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று தினம் நாற்பது பேருக்கு அளக்கிறவள் அவள். லென்ஸின் மையத்தை அதை வைத்துத்தான் குறிப்பார்கள். ஸ்கேலை அருகே கொண்டுபோனால் யாராக இருந்தாலும் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டுவார்கள். பட்டென்று, இரண்டு இமையும் சேர்ந்து. "சிமிட்டாதீங்க, என்னையே பாருங்க," என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.

அவளுடைய அளவு அறுபத்தேழு. பெண்களில் அது அபூர்வம். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு 'அகலக்கண்ணி' என்று பேர். கணவனும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவான். அது அவள் அம்மாவின் கண். அம்மா போன பிறகு, கண்ணாடி முன் நின்றால் அம்மா வந்து எட்டிப் பார்ப்பது அதன் வழியாகத்தான். தழும்பு போனால் போதுமென்று தவம் கிடந்தவள்தான். இந்தக் கண்ணில் மட்டும் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஸ்கேல் அறுபத்துமூன்று காட்டியது.

மூன்று தரம் அளந்தாள். பிறகு உள்ளறையில் கண் பரிசோதனை செய்யும் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

"வளர்ந்தவங்களுக்கு இது மாறவே மாறாதும்மா. உனக்கு நான் சொல்லணுமா?" என்றார் டாக்டரம்மா, மெஷினில் பார்த்துவிட்டு. "அறுபத்துமூணுதான் இருக்கு. முன்னாடி யாரோ தப்பா அளந்திருக்காங்க."

"நான்தான் மேடம் அளந்தேன்."

"அப்ப நீதான் தப்பா அளந்திருக்கே."

யாரிடம் போய் முட்டிக்கொள்வது! வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தாள். எட்டு வாரம் தொடர்ந்து போட்டால்தான் பலன் தெரியும் என்று ஒரு குரல் எழுதிவைத்ததைப் படித்தது. கண்ணைப் பற்றிக் கேட்டாள். எட்டு வாரம், மேடம், என்றது குரல்.

அன்றே முகமூடியை உறையில் போட்டுக் கட்டி பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே திணித்துப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அளந்தாள். அறுபத்திரண்டு.

நான்காம் நாள் அறுபது. கன்னம் தொட்டால் வழுக்கியது. தழும்பைக் காணோம்; சின்ன வயதில் விழுந்து புருவத்தில் பட்ட வடுவையும் காணோம். கடையில் எல்லோரும் என்ன கிரீம் என்று கேட்டார்கள். கணவன் தட்டை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கே."

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"என்ன பேரு?"

"நீங்க கூப்பிடுவீங்களே. செல்லமா."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அதெல்லாம் எப்பக் கூப்பிட்டேன்?" என்றுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வெளியே வெளிச்சம் இருந்தது; பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் சத்தம் கேட்டது. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சூடேறிய ரப்பர் வாசனை வந்தது. கொசு ரீங்காரம்போல ஓர் ஓசை.

பீரோக் கதவின் இடுக்கில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு.

மணி ஆறு.

அவள் அசையவில்லை. பத்து நிமிடம். பீரோவுக்குள்ளிருந்து பீப் அடித்தது. கோடு அணைந்தது.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என்னுடையது. என் அம்மாவுடையது. சாவியைத் திருகிப் புடவைகளை வாரி வெளியே எறிந்தாள். முகமூடி உறைக்குள் இல்லை. உறைக்கு மேலே கிடந்தது, உட்புறம் அவளைப் பார்த்தபடி.

எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோனாள். வழவழவென்றிருந்த ரப்பர் உட்புறத்தில், இடது கன்னத்தின் இடத்தில், சின்னச் சின்னக் குழிகள். பதினொன்று. அவளுக்கு எண்ணத் தேவையே இல்லை. புருவத்தின் இடத்தில் ஒரு வடு.

ஓட்டைகள் விலகியிருந்தன.

கைப்பையைத் துழாவினாள். ஸ்கேல். முகமூடியின் மூக்குத்தண்டின் மேல் ஸ்கேலை வைத்தாள். இடது ஓட்டையின் நடுவில் பூஜ்யம். வலது ஓட்டை.

அறுபத்தேழு.

இன்னும் சரியாகப் பார்க்க ஸ்கேலைக் கொஞ்சம் அருகே நகர்த்தினாள்.

ஓட்டைகள் இரண்டும் சிமிட்டின. பட்டென்று. சேர்ந்து.

பிறகு திறந்து, அகலமாக, அவளையே பார்த்தன.