கேறியாச்சு

விழிஞ்ஞம் ஐஸ் கிடங்கில் ஹரிநாராயணன் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் அடி. மதியம் மூன்று மணிவாக்கில் விழுந்த அடி என்றார் டாக்டர்.

ஐஸ்கிரீம் வியாபாரி. கடைசியில் சரக்கைவிடச் சில்லென்று ஆகியிருந்தார்.

கிடங்குச் சாவி வேறு இரண்டு பேரிடம்தான் இருந்தது. பங்குதாரர் நவநீத். டிரைவர் செல்வகணேஷ்.

மாலைக்குள் இருவரும் இன்ஸ்பெக்டர் ஷிஜாவின் முன்னால் இருந்தார்கள்.

செல்வகணேஷுக்கு இன்று லீவு. அறையில் தூங்கினானாம். பார்த்தவர் யாருமில்லை.

நவநீத்தை அவருடைய கழக்கூட்டம் பிளாட் கேட்டிலேயே போலீஸ் ஜீப் ஏற்றி வந்திருந்தது. ஐஸ்கிரீம் வேனை பார்க்கிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்க வெளியே வந்தாராம். அவரிடம் சாட்சி இருந்தது.

செல்போனை நீட்டினார்.

"ரெண்டு மணிக்கு நான் வேன்ல பொன்முடி மலை ஏறிண்டிருந்தேன் மேடம். அங்கேர்ந்து மூணுக்கு விழிஞ்ஞம் வர முடியுமோ? வேன்ல ஒரு பொட்டி இருக்கு. என்ஜின் ஓடினாத்தான் மெசேஜ் அனுப்பும். பாருங்கோ."

ஷிஜா தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்தார். மணி இரண்டு. ஒரே வார்த்தை.

கேறியாச்சு.

ஷிஜா மலையாளி. கேறினால் ஏறியதாக அர்த்தம். மலை ஏறியாகிவிட்டது...

"பொட்டி கள்ளம் பறயாது," என்றார். பொய் சொல்லாதாம்.

செல்வகணேஷின் கையில் விலங்கு விழுந்தது.

கதவருகே ஒரு இருமல்.

கௌசல்யா. செல்வகணேஷின் தங்கை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அந்தப் பொட்டியைச் செய்தவளும் அவள்தான்.

"மேடம்... பொட்டிக்கு மலை தெரியாது. வோல்ட் மட்டும்தான் தெரியும்."

ஷிஜா நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காராமலே சொன்னாள்.

உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர். வேன் பாட்டரியை அளந்துகொண்டே இருக்கும். சாவியைத் திருப்பினால் வோல்ட் சட்டென்று இறங்கும். என்ஜின் பிடித்ததும் பதினாலுக்கு ஏறும். அப்படி இறங்கி ஏறினால்தான் ரிலே ஃப்ரீசரை ஆன் செய்யும். 'ஓடுது' என்று மெசேஜ் போகும்.

"இறங்காம ஏறினா?" என்றார் ஷிஜா.

"சார்ஜர் மாட்டியிருக்குன்னு அர்த்தம் மேடம். அப்ப 'கேறியாச்சு'ன்னு போகும். சார்ஜ் கேறியாச்சுன்னுதானே நம்ம எல்லாரும் சொல்லுவோம்? சார்ஜ்னு தனியா எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஷிஜா போனில் மேலே தள்ளிப் பார்த்தார். ஓடுது. ஓடுது. ஓடுது. இன்று மட்டும் கேறியாச்சு.

பதினாலு வோல்ட் வந்தால் மெசேஜ் வரும் என்பது நவநீத்துக்குத் தெரியும். இறங்கி ஏற வேண்டும் என்பது தெரியாது. புது வார்த்தையைப் பார்த்து மகிழ்ந்துபோயிருந்தார். பொட்டிக்கு மலைகூடத் தெரிகிறதே!

"அண்ணாவுக்காகப் பொய் சொல்றா மேடம்," என்றார் நவநீத்.

ஷிஜா கழக்கூட்டத்துக்கு போன் செய்தார். பிளாட் பார்க்கிங்கில் நின்ற போலீஸ்காரர் வேனைத் திறந்து பார்த்தார். பாட்டரியில் சார்ஜர் கிளிப் இன்னும் கவ்விக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு அதை மாட்டிவிட்டு வேறு வண்டியில் விழிஞ்ஞம் போயிருக்கிறார். டீக்கு வெளியே வரவில்லை; கழற்றத்தான் கேட்டுக்குள் நுழைந்திருக்கிறார். ஜீப் முந்திக்கொண்டது.

நவநீத் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள்.

"ஹரி என்னைக் கழட்டி விடப் பார்த்தான்," என்றார், குடித்து முடித்து.

விலங்கு கை மாறியது. செல்வகணேஷ் மணிக்கட்டைத் தேய்த்தபடி தங்கையின் பக்கம் போய் நின்றான்.

வாசலில் ஷிஜா ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"சாரே, கேறு."

நவநீத் உள்ளே போனார். கான்ஸ்டபிள் பூதலிங்கம் கதவைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டினார்.

"கேறியாச்சு, மேடம்."