ரப்பர் மலைக்கு மேலே ஒரு பட்டம்

"இந்தாங்க... அந்தச் சாக்க அங்கயே போடுங்க!"

மேலிருந்து வந்த அதட்டலில் நிரோஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கையில் மூன்று வெள்ளை உரச்சாக்குகள். நான்காவதை எடுக்கத்தான் குனிந்திருந்தாள். ரப்பர் கன்றுகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு ஓடிவந்தான் ஒருவன். முழங்கால் வரை சேறு. ஆனால் அந்தக் கண்கள்... கோபப்படத் தெரியாத கண்கள், கோபப்பட முயன்று தோற்றுக்கொண்டிருந்தன.

"ஒங்க சாக்கா?"

"ஆமாங்க."

"பேரு எழுதியிருக்கா?"

"நடுவுல கறுப்பா கோடு போட்டிருக்கே, தெரியலயா?"

"மழை வரப்போவுது. பிள்ளைக்காம்பராவுல நான் பாத்துக்கிற பதினொரு பிள்ளைங்க. வீட்டுக்கு அனுப்பணும், தலைக்குப் போட ஒண்ணும் இல்ல. மலையில சும்மா கெடந்திச்சு, எடுத்தேன்!"

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"சும்மா கெடக்கலங்க... மேலருந்து பாத்தா தெரியணும்னு நாங்கதான் விரிச்சு வச்சோம்."

"மேலருந்து யாரு பாக்குறா? சாமியா?"

அவன் வானத்தைக் காட்டினான். கரிய மேகத்தின் கீழே ஒரு பெரிய மஞ்சள் பட்டம். அதன் கயிற்றில் சின்னதாக ஏதோ ஊசலாடியது.

"கேமரா. ரோடு ஒடைஞ்சு கெடக்கு, மண்சரிவு ஆபிசருங்க இங்க வந்துசேர ஒரு வாரமாகும். படத்த அனுப்பினா இன்னைக்கே பாப்பாங்க. எல்லாப் படத்துலயும் அந்த அஞ்சு சாக்கும் இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட முடியும். இப்ப... காலையிலருந்து எடுத்தது பூரா வீண்."

நிரோஷா கையிலிருந்த சாக்குகளைப் பார்த்தாள்.

புயல் ஓய்ந்து எட்டு நாளாகியும் மழை விடவில்லை. தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலையில் மூன்று இடத்தில் வெடிப்பு. திங்கட்கிழமை விரல் நுழைந்த இடத்தில் இன்று முழங்கை வரை போனது. காது வைத்துக் கேட்டால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது... எந்த நேரம் என்ன ஆகுமோ என்று சோறு இறங்காமல் கிடந்தது பத்துக் குடும்பம். அதைப் படம் பிடிக்க வந்தவனுடைய வேலையையா கெடுத்தேன்?

"திருப்பி விரிச்சிடுறேங்க. ஆனா... ஒண்ணு ஏற்கனவே ஒரு பிள்ளை தலையில போயிருச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹரி, ஹரி... சரிங்க. நனையாம போச்சே, அதுபோதும்."

அவன் பெயர் பிரதீபன். கித்துல்கலவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஆற்றில் போட் விடுகிறவன். ஆறு பெருகி வேலை நின்றதும், நுஹா என்ற தோழியோடும் இன்னும் சிலரோடும் தோட்டம் தோட்டமாகப் பட்டம் விடக் கிளம்பிவிட்டான்.

"அஞ்சாவது சாக்குக்கு நான் நிக்கிறேன்" என்றாள் நிரோஷா. "என் ஷோல் வெள்ளைதானே?"

"வேணாங்க! அது மேல் வெடிப்புக்குப் பக்கத்துல."

"நான் கெடுத்தத நானே சரி பண்றேன். எவ்வளவு நேரம்?"

"...பத்து நிமிஷம். அசையக்கூடாது."

தோளிலிருந்த ஷோலைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி நின்றாள். கீழே நுஹா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்த பிரதீபன் பட்டத்தைப் பார்க்கவில்லை... அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது. மனசுதான் நடுங்குகிறதோ? இல்லை... மண். எங்கோ ஒரு வேர் படீரென்று அறுந்தது.

"வந்துருங்க!" பிரதீபன் கத்தினான்.

"முடிஞ்சிச்சா?"

"போதும், வாங்க!"

"முடிஞ்சிச்சான்னு கேட்டேன்!"

அவனுக்குப் பொய் வரவில்லை. "...இன்னும் ரெண்டு நிமிஷம்."

நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முதல் துளி நெற்றியில் விழவும் "போதும்!" என்ற குரல் வரவும் சரியாக இருந்தது. ஓடிவந்தவள் சறுக்கினாள். கயிற்றை நுஹாவிடம் போட்டுவிட்டுப் பாய்ந்து, மணிக்கட்டைப் பிடித்தான் பிரதீபன். கயிறு பிடித்துக் காய்த்த உள்ளங்கை. மழை இருவர் இமையிலும் வழிந்தது. விடவேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது... விடத்தான் மறந்துபோனது.

"நிரோஷா!"

அப்பா கந்தையா. ரப்பர் பால்வெட்டுக் கத்தி இடுப்பிலேயே இருந்தது.

"ஊரு பேரு தெரியாதவன் கையப் புடிச்சிக்கிட்டு மலையில நிக்கிற? ஏய் தம்பி, பட்டம் விட்டு எங்க லயத்த மூடப் பாக்குறியா?"

"ஐயா, இங்க இருக்குறது ஆபத்து..."

"போன வருஷம் இப்பிடித்தான் சொன்னாங்க. மேல் லயத்துக்காரங்க பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தாங்க. திரும்பி வந்தா தோட்டத்துக்காரங்க வீட்டுக் காம்பராவுக்குப் பூட்டு போட்டுட்டாங்க! நான் போனாத்தான் எல்லாரும் போவாங்க. நான் போக மாட்டேன்."

நிரோஷாவுக்குக் கண் நிறைந்தது. "நீங்க போயிருங்க. அப்பா சொன்னா சொன்னதுதான்."

"ஒங்கள இங்க விட்டுட்டா?" கேட்டபின்தான் தன் வார்த்தை அவனுக்கே உறைத்தது. காது சிவந்தது.

பிள்ளைக்காம்பரா தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் மடிக்கணினியோடு மல்லுக்கட்டி, படங்களை ஒட்டி முடித்தாள் நுஹா. அதைக் கந்தையாவின் முன்னால் வைத்தான் பிரதீபன். கீழிருந்து பார்த்தால் மூன்று வெடிப்பு. மேலிருந்து பார்த்தால்... ஒன்றே ஒன்று. அரிவாள் போல வளைந்து, இரண்டு நுனியும் லயத்தின் இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது.

கந்தையா வெடிப்பைப் பார்க்கவே இல்லை. அவர் விரல் கன்று வரிசையின் மேல் மெல்ல ஊர்ந்தது.

"இது நான் வச்ச வரிசை."

"ஆமாங்கப்பா" என்றாள் நிரோஷா.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கயிறு கட்டி, நூல் புடிச்ச மாதிரி வச்சேன். கங்காணியே மெச்சினாரு." விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க ஒடைஞ்சிருக்கு. இந்தப் பக்கத்துக் கன்னுங்க பூராவும் ஒரு மொழம் கீழ எறங்கியிருக்கு. நெதம் நடக்குற எனக்குத் தெரியலயே..."

கந்தையா எழுந்தார். லயத்தின் தொங்கலில், கடைசி வீட்டு வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கெளம்புங்க! அடையாள அட்டையும் பிள்ளைங்களும் போதும். மலை நடந்துக்கிட்டு இருக்கு!"

கொட்டும் மழையில் கீழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். நடக்க முடியாத ஒருவரை முதுகில் சுமந்து கடைசியாக வந்துகொண்டிருந்தான் பிரதீபன். நிரோஷா பள்ளிக்கூடப் படியேறித் திரும்பிப் பார்த்தபோது...

இடி என்றுதான் முதலில் நினைத்தாள். இடி இவ்வளவு நேரம் இடிக்காது. மலையின் தோள் அப்படியே உட்கார்ந்தது. லயம் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு. பாதை முழுக்கப் புகைபோல மழை... அவனைக் காணவில்லை.

"பிரதீபன்!"

பதில் இல்லை.

"பிரதீபன்... எங்கங்க இருக்கீங்க!"

ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினாள். வெட்கம் எங்கே போனதோ!

மழையைக் கிழித்துக்கொண்டு ஓர் உருவம் தள்ளாடி வந்தது. முதுகில் சுமை அப்படியே இருந்தது.

"இருக்கேங்க... கூப்பிட்டது கேட்டுச்சு. மூச்சு வாங்குச்சு, பேச முடியல."

சுமையை இறக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"பயமா இருக்கு..."

"மலை விழுந்துருச்சுங்க. இனி பயமில்ல."

"மலைக்கு இல்ல." சட்டைக்கையை அவள் விடவில்லை. "இப்ப ஒரு நிமிஷம் நீங்க இல்லாம இருந்துச்சே... அதுக்கு."

மழை அவர்களுக்காகக் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

"நாளைக்கு அரநாயக்கப் பக்கம் போகணும். அங்கயும் லயத்துக்கு மேல வெடிச்சிருக்காம்."

"போங்க."

"வேலை முடிஞ்சதும் இங்க வரவா?"

"எதுக்கு?"

"ஒங்களுக்காகத்தான். ரெண்டு நிமிஷம் கூடுதலா நின்னீங்களே... அப்பவே என் உசுரு ஒங்ககிட்ட வந்துருச்சு. ஒங்க அப்பாகிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னுதான் தெரியல..."

"கேக்க வேணாம் தம்பி" என்றார் பின்னாலிருந்து கந்தையா. புதைந்துபோன லயத்தை விட்டு அவர் பார்வை நகரவில்லை. கன்னம் நனைந்திருந்தது. "என் மக கத்துன கத்து அரநாயக்க வரைக்கும் கேட்டிருக்கும். போயிட்டு, பத்தரமா வந்து சேரு."