இடப்பக்கத்துப் பிள்ளை

வாடகை குறைவென்றால் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மிகக் குறைவென்றால் கதவைத் திறக்காமலே திரும்பிவிட வேண்டும். பேரம் பேசியே ராகலைக் கடைத்தெருவைக் களைக்கவைக்கும் ஷிஹாம், இந்த இரண்டாவது பாதியை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. டவுனுக்குச் சற்று மேலே, தேயிலை மலையின் ஓரத்தில், தோட்டத்தார் கைவிட்ட கருங்கல் கட்டடம் ஒன்றைப் பிடித்தான். முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடித்தனம்.

பிரசவத்து நாற்பது நாள் கழிந்து, கைக்குழந்தை ஸஜ்ஜாதுடன் அவன் மனைவி ஷப்னா வந்து இறங்கியபோது பட்டப்பகலிலேயே லைட் எரிந்துகொண்டிருந்தது. பனிமூட்டம் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது. ஈரச் சுண்ணாம்பின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை; எத்தனை துவைத்தும் துணியை விட்டுப் போகாத புளித்த பாலின் வாடை. கூரை உத்திரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள்.

"வாழக்குலை தொங்கவிடவே அடிச்சு வெச்ச மாதிரி ஈக்குது, பாரேன்" என்றான் ஷிஹாம்.

துணி துவைக்க வந்த, தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண் நிஷாந்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "வாழக்குலைக்கு இல்லீங்க மொதலாளி. இது பழைய பிள்ளைக்காம்பரா. எங்கம்மா மாதிரி கொழுந்தெடுக்கப் போறவங்க பிள்ளைங்கள இந்தக் கொக்கியிலதான் ஏணை கட்டிப் போட்டுட்டுப் போவாங்க. சங்கு ஊதுனா ஓடியாந்து பால் குடுத்துட்டு மறுபடி மலைக்கு ஓடணும். நானும் இதுல தொங்குன குலைதாங்க!"

"எல்லாரும் வந்துருவாங்களா?" என்று கேட்டாள் ஷப்னா.

நிஷாந்தியின் சிரிப்பு நின்றது. "தூரத்து மலையில வேலை போட்டா, சில பேரால வந்து சேர முடியாதுங்கம்மா. அப்பிடியே பசியில போன பிள்ளைங்களும் உண்டு."

ஷப்னாவின் கவலை அதுவல்ல. அவளுக்குப் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மாமியார் உம்மு குல்சும் முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, வெள்ளைப்பூடு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வாயையும் விட்டுவைக்கவில்லை. "நான் பெத்ததெல்லாம் குடிச்சு மிஞ்சினத தலகாணிதான் குடிச்சுது. இந்தக் காலத்துப் பொண்டுகளுக்கு ஷோகேஸ் சாமான். பாக்க ஈக்கும், எடுக்க ஏலா." கடைக்கு வந்தவர்களின் காதில் விழும்படியாகத்தான் இதைச் சொல்வாள்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் சொன்னது வேறு. "பிள்ளையப் போட்டுக்கிட்டே இருங்க. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்."

வியாபாரக் குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்க ஆள் வந்தால்தான் சரக்கு வரும். ஆனால் ஸஜ்ஜாத் பொறுமையான வாடிக்கையாளன் அல்ல. இரண்டு இழுப்பு இழுப்பான், ஒன்றும் வராது, முகம் சிவக்க அலறுவான். அலறல் கடைவரை போகும். அங்கே பேரம் சட்டென்று நிற்கும். அந்த மௌனத்தில் ஷப்னா கூனிக் குறுகுவாள்.

ஊருக்கெல்லாம் பால்மா விற்கும் கடை. அங்கிருந்து ஒரு டின்னை அவளே களவெடுத்தாள். அலுமாரியில் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒளித்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மாவைக் கலக்கினாள். போத்தலுக்குப் பழகிய பிள்ளை நெஞ்சை மறந்தான். இருந்த சொட்டும் வற்றத் தொடங்கியது.

ஒரு காலை, ஸஜ்ஜாத் போத்தல் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கினான். ஷப்னா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தேயிலை ஆலையின் சங்கு ஊதியது. பனியில் நனைந்து கனத்த அந்த ஒலி, மலையைச் சுற்றிக்கொண்டு நெடுநேரம் கிடந்தது.

அவள் நெஞ்சில் ஊசிகள் குத்தின. சட்டை நனைந்தது.

பிள்ளை அழவில்லை. அசையக்கூட இல்லை.

மடியின் இடப்பக்கம் கனத்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தொடைமேல் ஒரு சிறு உடம்பின் பாரம், மழையில் கிடந்த துணிமூட்டையைப் போன்ற குளிர்ச்சியுடன். ஈர வாய் ஒன்று அவளிடம் பாலைத் தேடியது.

கண்டுபிடித்தது.

அவள் கத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த இழுப்பு! மார்பின் அடியிலிருந்து, முதுகெலும்பிலிருந்து, இல்லையென்று எல்லோரும் தீர்ப்புச் சொன்ன இடத்திலிருந்தெல்லாம் பால் இறங்கி வந்தது. ஷப்னா பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பயம் இருந்தது. பயத்துக்கும் மேலே, வெட்கமில்லாத ஒரு சந்தோஷம் இருந்தது.

அதன்பின் சங்கு ஊதும்போதெல்லாம் அது வந்தது. பால் பெருகியது. படுக்கை விரிப்பு நனைந்ததைக் கண்ட உம்மு குல்சும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனாள். "எங்கட மருமகளுக்கு இப்ப ரெண்டு புள்ளைக்குப் போதும்!" என்று வெங்காயம் வாங்க வந்தவளிடம் கைகொட்டிச் சொன்னாள்.

உள்ளே ஷப்னாவின் உடம்பு சிலிர்த்தது. மிஞ்சிய பால்மா டின்னைக் குப்பைக்குள் ஆழமாகப் புதைத்தாள்.

முதல் குடி எப்போதும் அதற்குத்தான். மிச்சம் ஸஜ்ஜாதுக்கு.

மிட்வைஃப் மறுபடி வந்து பிள்ளையைத் தராசில் கிடத்தினாள். முகம் மாறியது. "பால் இவ்வளவு இருக்கே உங்களுக்கு. அப்புறம் பிள்ளை ஏன் இப்படி இளைச்சிட்டு வருது?"

உம்மு குல்சும் பொங்கினாள். "தராசுக் கத எங்களுக்குச் செல்லாதீங்க மிஸ். நாங்க தராசோடயே பொறந்த ஆக்கள். ஒங்கட தராசுதான் பிழை."

தராசு பிழையில்லை என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னால் அது போய்விடும். அது போனால் பால் போகும். பால் போனால் மறுபடி அந்த ஷோகேஸ் பேச்சு. இதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தபோது, தன் முகத்தைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை.

பிற்பகல் சங்குக்குச் சற்று முன்பு ஸஜ்ஜாதை எடுத்து இடப்பக்கம் அணைத்துக்கொண்டாள். இன்றைக்கு இவன்தான் முதல்.

சங்கு ஊதியது.

பனி ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. புளித்த பால் மணம் மூக்கை அடைத்தது.

ஸஜ்ஜாதின் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி. கண்ணுக்குத் தெரியாத சின்ன விரல்கள் அவனை மெல்லத் தள்ளின.

அவன் அழவில்லை.

பழகியவன்போல் வாயை எடுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தான்.

அதுதான் ஷப்னாவை உடைத்தது. சட்டையை இழுத்து மூடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தலையில் முக்காடுகூடச் சரியில்லாமல், ஆட்கள் நிறைந்திருந்த கடைக்குள் வந்து நின்றாள்.

"ஒரு பால்மா டின் எடுங்க" என்றாள் ஷிஹாமிடம். "என்ட புள்ளைக்கு. எனக்குப் பால் போதாது."

தராசுத் தட்டு ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. ஷிஹாம் டின்னை எடுத்து நீட்டினான்.

உள்ளே, மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உம்மு குல்சும் ஏசவில்லை. அவள் கண்கள் கொக்கிகள்மேல் நிலைத்திருந்தன.

"எத்தன தடவ குடிச்சுது, மகள்?"

"கணக்கில்ல மாமி. வயிறு நெறயத்தான் குடிச்சுது."

உம்மு குல்சும் குரலைத் தாழ்த்தினாள். "எங்கட மார்க்கத்துல அத்தன தடவ பால் குடுத்தா, பெறாட்டியும் புள்ளதான். அது இப்ப ஒன் புள்ள. இவனுக்குக் கூடப்பொறந்தது மாதிரி."

பால் வற்றட்டும் என்று மார்பை இறுகத் துணியால் கட்டினார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் துணி நனைந்தது. நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் அடித்தது. உத்திரத்துக் கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன, யாரோ வெறும் ஏணைகளை ஆட்டிப் பார்ப்பதுபோல. மாமியார் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாசீன் ஓதினாள். இருவரும் காதைப் பொத்தவில்லை. பொத்தினாலும் கேட்கும் என்று தெரிந்திருந்தது.

பால் வற்றியது. கொக்கிகள் அடங்கின. ஷிஹாம் முதன்முறையாகப் பேரம் பேசாமல் டவுனுக்குள் ஒரு வீடு எடுத்தான்.

அங்கே வெயில் விழுந்தது. சங்கு கேட்கவில்லை. ஸஜ்ஜாத் கொழுத்தான், உட்காரப் பழகினான், தவழ்ந்தான். "பால்மா குடிச்சுத்தான் வளருது, அதுக்கென்ன?" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள் உம்மு குல்சும்.

ஒரு மதியம் அவன் பாயில் உட்கார்ந்து போத்தலைத் தானே பிடித்துக் குடித்தான். பாதியில் நிறுத்தினான். வாயிலிருந்து எடுத்து, இடப்பக்கமாக, ஆளில்லாத இடத்தை நோக்கி நீட்டினான்.

ஷிஹாம் சிரித்தான். "கடக்காரன்ட மகன்தானே. சாம்பிள் காட்டுறான்."

ஷப்னா சிரிக்கவில்லை. மாமியின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

ஸஜ்ஜாத் கையை இறக்காமல் பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

போத்தலுக்குள் சின்னக் குமிழிகள் எழுந்தன. ஒன்று. பின்னால் இன்னொன்று.

பாலின் மட்டம் மெல்ல இறங்கியது.