அம்மாவின் பைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல பெட்டி கிடைக்காவிட்டால் அம்மா வெளியூருக்குப் போய்விடுவாள். ஆராய்ச்சிக்கு இது வெள்ளிக்கிழமை மாலைதான் தெரிந்தது.

ஆராய்ச்சி என்பது ஒரு பெண்ணைக் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் "என்னடி ஆராய்ச்சி பண்றே அங்கே?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு, வீட்டில் அதுவே அவள் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. குழாய் ஏன் கத்துகிறது, பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எதையாவது குடைந்துகொண்டே இருப்பாள்.

அம்மாவுக்குப் படம் செய்கிற வேலை. இன்னும் கட்டவே கட்டாத வீட்டுக்குள் நாம் நடந்து போவதுபோல ஒரு படம். கதவு திறக்கும், ஜன்னல் வழியாக வெயில் விழும், மாடிப்படி ஏறிப் பார்க்கலாம். அதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் போதாது. நல்ல பலமான கம்ப்யூட்டர் வேண்டும். இதுவரை ஆபீஸ் பக்கத்துத் தெருவில் இருந்தது. இப்போது வேறு ஊருக்கு மாறிவிட்டது.

மேனேஜர் போனில் அம்மாவிடம் சொன்னதை ஆராய்ச்சி கதவோரம் நின்று கேட்டுவிட்டாள்.

"ஆபீஸ் பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கிக்கோங்க. சனி, ஞாயிறு வீட்டுக்குப் போயிட்டு வரலாம். இல்லேன்னா கம்ப்யூட்டரை வீட்டுல வெச்சு வேலை செய்யுங்க. ஆனா வாரத்துக்கு ஒரு நாள் அதைத் தூக்கிட்டு ரயில்ல வரணும், எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டணும். முடியுமா?"

அம்மா அந்தக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஆபீஸிலிருந்து வந்து இறங்கி, கதவைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது அது. தம்பியைவிட உயரம். காலையில் அதைத் தூக்கிய அப்பா இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்துகொண்டிருந்தார்.

"சின்னப் பெட்டிக்கு மாத்திட்டா முடியும் சார்" என்றாள் அம்மா.

"சரி, மாத்திப் பாருங்க. கையில இருக்கிற படத்தை ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வீட்டுலயே முடிச்சு அனுப்புங்க. நடுவுல மெஷின் நின்னுச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

அம்மா போனை வைத்தாள். ஆராய்ச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பெட்டி கிடைக்குமா? கிடைக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலை ரிப்பன்களைத் தேடிப் போனாள்.

சனிக்கிழமை காலையிலேயே மாமா வந்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். கை எவ்வளவு வேலை செய்யுமோ, அதைவிட இரண்டு மடங்கு வாய் வேலை செய்யும்.

"கவலையை விடு அக்கா! கம்ப்யூட்டருக்கு உசுரே உள்ளே இருக்கிற சாமான்தான். வெளியே இருக்கிறது வெறும் சட்டை. பெரிய சட்டையைக் கழட்டிட்டுச் சின்னச் சட்டையைப் போட்டு விட்டா ஆச்சு!"

"சட்டை பத்தலைன்னா, மாமா?"

"பத்தும், பத்தும். மாமா இருக்கேன்ல?"

ஆராய்ச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமா பெரிய கம்ப்யூட்டரைத் திறந்தபோது, உள்ளே இருந்ததிலேயே நீளமான பாகம் எது என்று கேட்டாள். படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டுதான் நீளம் என்றார் மாமா. பச்சை ரிப்பனை அதன்மேல் பிடித்து, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு அம்மாவின் தோள்பையைத் திறந்து, அதன் அகலத்துக்குச் சிவப்பு ரிப்பனில் ஒரு முடிச்சு.

"தலை பின்னிக்கப் போறியா?" என்று மாமா சிரித்தார்.

"கடைக்குப் போறேன். நீங்களும் வாங்க" என்றாள் ஆராய்ச்சி.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள். கடைக்காரர்கள் அதைக் கேபினட் என்பார்கள். உள்ளே நுழைந்த உடனே மாமா ஒரு கண்ணாடிக் கேபினட்டின் முன்னால் நின்றுவிட்டார். அதற்குள் நீலம், ஊதா, சிவப்பு என்று விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆகா! இதைப் பாரு, இதைப் பாரு! ராஜா மாதிரி இல்ல?"

ஆராய்ச்சி அதைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. "மாமா, ராஜாவை ரயில்ல யார் சுமக்கிறது?"

கல்லாவில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்தான் கடைக்குச் சொந்தக்காரர். "பாப்பாவுக்கு என்ன வேணும்?"

"சின்னதா இருக்கணும். ஆனா பலமான சாமான் உள்ளே போகணும். அம்மா தூக்கணும். நடுவுல நிக்கக் கூடாது."

"அடேயப்பா! கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவங்ககூட இத்தனை கேக்க மாட்டாங்க" என்றபடி கடைக்கார அக்கா எழுந்து வந்தார்.

முதலில் காட்டிய வெள்ளைக் கேபினட் அழகாக இருந்தது. பச்சை ரிப்பனை உள்ளே விட்டாள். முடிச்சு வெளியே நின்றது. "கார்டு போகாது." அடுத்ததில் கார்டு போகும், ஆனால் சிவப்பு ரிப்பன் எட்டவில்லை. "பையில போகாது." மாமா கொட்டாவி விட்டார். மூன்றாவதாக அக்கா ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வந்தார். செருப்புப் பெட்டியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியதுபோல இருந்தது. விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பக்கமெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டைகள். மேலே ஒரு கைப்பிடி.

"ஐயே, இது என்ன எலிப்பொறி?" என்றார் மாமா.

"அண்ணே, என் கம்ப்யூட்டர் இதே பெட்டியிலதான் ஓடுது" என்று கல்லா மேஜையைக் காட்டினார் அக்கா. அங்கே அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது. திரையில் கார் பந்தயம் பறந்துகொண்டிருந்தது. "காலையில போட்டா கடை சாத்துற வரைக்கும் ஓடும்."

பச்சை ரிப்பன் உள்ளே போனது. சிவப்பு ரிப்பனும் சரியாக இருந்தது. ஆனாலும் ஆராய்ச்சி விடவில்லை. கையோடு கொண்டு வந்திருந்த அம்மாவின் பைக்குள் பெட்டியை வைத்து, உள்ளே போகப்போகிற சாமான்களின் கனத்துக்கு மாமாவின் ஸ்க்ரூடிரைவர் பையையும் அதற்குள் திணித்து, தோளில் மாட்டிக்கொண்டு கடையின் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கியது. ஆனால் முடிந்தது.

"எனக்கே முடியுதுன்னா அம்மாவுக்கு முடியும்."

"எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க" என்றார் கடைக்கார அக்கா. "சரிப்படலேன்னா நாளைக்குச் சாயங்காலம் கடை சாத்துறதுக்குள்ள கொண்டு வந்துடுங்க. கீறல் மட்டும் விழக் கூடாது, ஆமா!"

அன்று மதியம் முழுக்க மாமா பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சாமான்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. கடைசி வயரை மாட்ட மாமாவின் விரல் நுழையவே இல்லை. "நகருங்க மாமா" என்று ஆராய்ச்சி சுண்டு விரலால் தள்ள, 'டிக்' என்று அது உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் மேஜை வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சுவரோரம், ஆராய்ச்சியின் பலகைக்குக் கீழே. அந்தப் பலகையில் அவள் பொறுக்கிச் சேர்த்த கற்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். போன பிறந்த நாளுக்கு மாமா அடித்துக் கொடுத்த பலகை. பெட்டியைத் தரையில் வைக்க முடியாது. தம்பி நடக்கப் பழகுகிறவன். எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் பிஸ்கட்டைத் திணித்துவிட்டு 'ஆ' காட்டுவான்.

பெட்டி மேஜைமேல் ஏறியது. அம்மா படத்தை ஓட விட்டாள். சூடு எவ்வளவு என்று திரை மூலையில் ஓர் எண் தெரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். எண் ஏறியது. இன்னும் ஏறியது. சிவப்பானது. பட்டென்று திரை இருண்டுவிட்டது.

தம்பி மட்டும் கை தட்டினான்.

"சூடு தாங்கல" என்றார் மாமா. "சின்னப் பெட்டி, பெரிய கார்டு. நான் அப்பவே நினைச்சேன்."

"அப்பவே நினைச்சவன் அப்பவே சொல்றதுதானேடா!" என்றாள் அம்மா.

மறுபடி ஓட்டினார்கள். மறுபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே கதைதான். மாமா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். "கழட்டிக் கடையில கொடுத்துடலாம். இதுக்குமேல என்ன செய்ய?" அம்மா அடுத்த அறைக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். தன் துணிகளை மட்டும்.

அதைப் பார்த்ததும் ஆராய்ச்சி ஓடிப் போய்ப் பெட்டியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டக் கூடாது!"

"அடம் பிடிக்காதே கண்ணு..."

"கடை சாத்துறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இதே பெட்டி கடையில நாள் பூரா ஓடுது. இங்கே மட்டும் ஏன் நிக்குது? அதைச் சொல்லுங்க, கழட்டலாம்."

"அது... ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ராசி" என்று இழுத்தார் மாமா. ராசியாம்! ஆராய்ச்சிக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கையில் ஒரு கல் வேண்டும். பலகையில் கையை விட்டுத் தன் கறுப்புக் கல்லை எடுத்தாள்.

கல் சுட்டது.

வெயில் அந்தச் சுவருக்கு வருவதே இல்லை. அந்தக் கல் எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். பக்கத்துக் கல்லைத் தொட்டாள். அதுவும் சூடு. பலகையின் அடியில் கையை வைத்தாள். "ஸ்ஸ்!"

"மாமா, ஒரு தடவை ஓட விடுங்க. நான் சொன்ன உடனே நிறுத்திடலாம்."

டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்தாள். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்ததும் நாடாவைப் பெட்டியின் மேலே பிடித்தாள். நாடா மேல்நோக்கிப் பறந்தது. காற்று மேல் வழியாக வெளியே வருகிறது. பக்கத்துச் சல்லடையில் பிடித்தாள். பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. காற்று பக்கத்தில் உள்ளே போகிறது. பிறகு பலகையின் விளிம்பில் பிடித்தாள். நாடா மேலே போகவில்லை. கீழே வளைந்து, பெட்டியின் பக்கத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது!

"அம்மா! இங்கே வா, சீக்கிரம் வா!"

அம்மா கையில் ஒரு துணியோடு ஓடி வந்தாள்.

"பாரும்மா. பெட்டி சூட்டை மேலே ஊதுது. பலகை இடிச்சுக் கீழே தள்ளுது. அந்தச் சூட்டையே பெட்டி திரும்பக் குடிக்குது! போர்வைக்குள்ள தலையை மூடிட்டுப் படுத்த மாதிரி. கடையில மேலே ஒண்ணுமே இல்ல, வெறும் மேஜைதான். தப்பு பெட்டி மேல இல்லம்மா, பலகை மேலதான்."

மாமா நாடாவை வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை. மூன்று தடவை. பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். "அட, ஆமா! நான்தானே அதைக் கொண்டுபோய்ப் பலகைக்குக் கீழே வெச்சேன்!"

"பலகையைக் கழட்டிடலாம்" என்றாள் ஆராய்ச்சி.

அம்மா அவளைப் பார்த்தாள். "அது உன் பலகைடி. ஒரு வருஷம் ஒத்தக்கால்ல நின்னு வாங்கினே."

"கல்லை வாளியிலகூடப் போட்டு வெச்சுக்கலாம்" என்றாள் ஆராய்ச்சி. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது.

கழட்டுவது அத்தனை லேசாக இல்லை. "நான் அடிச்ச பலகை, பூகம்பமே வந்தாலும் அசையாது" என்று மாமா பிறந்த நாள் அன்று பீற்றிக்கொண்டது உண்மைதான் போலிருக்கிறது. ஸ்க்ரூ அசையவே இல்லை. மாமா ஸ்டூலின்மேல் நின்று முக்கினார், முனகினார், தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "எந்த மடையன்டா இவ்வளவு இறுக்கமா முடுக்கினது!"

"நீதான்டா" என்றாள் அம்மா. நேற்றிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

கடைசியில் பலகையும் சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பும் மாமாவும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். ஆராய்ச்சி பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். நாடாவைப் பிடித்தாள். அது நேராக மேலே பறந்தது.

"இப்போ ஓட்டுங்க."

எண் ஏறியது. இன்னும் ஏறியது. தம்பி கை தட்டத் தயாரானான். அம்மா ஆராய்ச்சியின் தோளை இறுக்கிப் பிடித்தாள். எண் கொஞ்சம் தயங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்சம் கீழேகூட இறங்கியது. பெட்டி மெல்ல 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே வேலை செய்தது.

சாப்பிட்டு முடித்தார்கள், அது ஓடியது. அப்பா வெளியே போய்விட்டு வந்தார், அது ஓடியது. வெயில் சாயும் நேரத்தில் படம் முடிந்தது. யாரும் கட்டாத ஒரு வீட்டின் கதவு திரையில் திறந்தது. அம்மா அதை மேனேஜருக்கு அனுப்பினாள்.

மாமா மட்டும் கடைக்குப் போனார், அந்தப் பெட்டியே வேண்டும் என்று சொல்லிவிட்டு வர. "எலிப்பொறின்னு சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்டுட்டு வந்துடுங்க" என்றாள் ஆராய்ச்சி.

மேனேஜர் போன் செய்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தாள்.

"படம் வந்துடுச்சு. பிரமாதமா இருக்கு. வாரா வாரம் வியாழக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்துடுங்க. மத்த நாள் வீட்டுலயே செய்யுங்க. ஆமா, அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"எங்க வீட்டுல ஆராய்ச்சின்னு ஒருத்தி இருக்கா சார்" என்றாள் அம்மா.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எழுந்திருடி! மணி என்ன ஆகுது பாரு! எத்தனை தடவை கத்துறது உனக்கு?" என்று அம்மா அடுத்த அறையிலிருந்து சத்தம் போட்டாள்.

ஆராய்ச்சி எப்போதோ விழித்துவிட்டாள். ஆனாலும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அம்மா இன்னொரு தடவை திட்டட்டும் என்று காத்திருந்தாள்.