ஷட்டருக்கு உள்ளே

ஐந்தாவது தடவையாக அந்தப் படிகளில் இறங்கினேன்.

நகரத்தில் கோட்டி என்ற பேட்டையின் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், தரைக்குக் கீழே இருக்கும் செல்போன் சந்தை அது. பகல் பதினொரு மணிக்கும் அங்கே டியூப்லைட் வெளிச்சம்தான். மேலே மழை. படி வழியாக இறங்கிய தண்ணீரைச் சாக்குப் போட்டு அடைத்திருந்தார்கள். ஈரச் சாக்கு, தின்னர், சூடேறிய பசை, ஈயம் உருகும் புகை எல்லாம் கலந்த நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. சந்தின் கடைசியில் கடை எண் நாற்பத்தேழு. மல்லேஷின் கடை.

சனிக்கிழமை பஸ் படியிலிருந்து என் போன் விழுந்து டிஸ்ப்ளே நொறுங்கியது. கம்பெனி சென்டரில் சொன்ன விலைக்கு இன்னொரு போனே வாங்கிவிடலாம். ஹாஸ்டலில் எல்லாரும் மல்லேஷிடம் போகச் சொன்னார்கள். அவன் சொன்னது இரண்டு மணி நேரம். பிறகு அது ஞாயிறு ஆனது. திங்கட்கிழமை “பசை காயலை” என்றான். செவ்வாய்க்கிழமை “போர்டுல ஏதோ போயிருக்கு மேடம்” என்றான்.

கொடுத்த அன்றே கேட்டிருந்தான். “பேட்டர்ன் சொல்லுங்க. டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்ல?”

சொன்னேன். காகித டேப்பில் ஒன்பது புள்ளி வைத்து, நான் காட்டியபடி கோடு இழுத்து, மேலே ‘212 வேணி’ என்று எழுதிப் போனின் முதுகில் ஒட்டினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் கொடுத்தார்கள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில்கூடக் கொடுக்காதவர்கள், பத்துப் பேர் பார்க்க அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். பி.டெக். படித்து நான் கிழித்தது அவ்வளவுதான்.

ஞாயிறு இரவு கட்டிலில் படுத்த பிறகுதான் அந்த ஏழு படங்கள் நினைவுக்கு வந்தன.

ஜூன் மாதம் இடது மார்பில் ஒரு கட்டியை எடுத்தார்கள். சாதாரணக் கட்டி. ஊருக்குப் போயிருந்தபோது தையல் சீழ் பிடித்துவிட்டது. மூன்று பஸ் மாறி வர வேண்டாம், படம் எடுத்து அனுப்பு என்றார் டாக்டரம்மா. அனுப்பினேன். ஆறியது. அழிக்க மறந்துவிட்டேன். படத்தில் என் முகமும் இருந்தது.

இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊர் சிரிசில்லாவில், தறி ஓட்டும் அப்பாவும் பீடி சுற்றும் அம்மாவும் இருக்கும் தெருவில், அந்தப் படங்கள் ஒரு போனுக்கு வந்தால் மறுநாள் எல்லாப் போனுக்கும் வரும். அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். நான் பின்னால் போக வேண்டும். அதோடு என் படிப்பு, வேலை எல்லாம் முடிந்தது.

“வாங்க மேடம், அஞ்சே நிமிஷம்” என்றான் மல்லேஷ், தலையைத் தூக்காமலே.

“உன் அஞ்சு நிமிஷத்துல எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே பொறந்திருக்கும். போனைக் குடு.”

பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். மல்லேஷும் சிரித்தான். “கோவத்தைப் பாரு! சரி தங்கச்சி, உள்ள வா. உன் கண்ணு முன்னாடியே முடிச்சுத் தரேன். அப்புறம் அண்ணனைத் திட்டக்கூடாது.”

“அண்ணன் கிண்ணன்லாம் வேண்டாம். போனை மட்டும் குடு.”

கவுண்டருக்குப் பின்னால் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் அறை. நடுவே மேஜை, ஒரு ஸ்டூல், மூலையில் கம்ப்யூட்டர். மூன்று சுவரிலும் தட்டுகள், தட்டு நிறைய வயிறு திறந்து கிடக்கும் போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் டேப், எண், பெயர், ஒன்பது புள்ளி. திரும்பி வராதவர்களின் போன்கள். மூன்று மாதம் வராவிட்டால் பிரித்துப் பாகங்களை எடுத்துக்கொள்வார்கள். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

என் போனுக்குப் புது டிஸ்ப்ளே ஒட்டி, பசை பிடிக்க நான்கு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தான்.

“இதுலேர்ந்து எடுத்துப் போட்டேன்” என்று பக்கத்தில் கிடந்த கூட்டைக் காட்டினான். அதன் டேப்பில் ‘68 உதயஸ்ரீ’. “ஒரிஜினல். உனக்கு லக்குதான். ரெண்டு நாளைக்கு அதுவே தானா தொட்டுக்கும், பயப்படாதே. செட் ஆயிடும்.”

“தானா தொட்டுக்குமா?”

“யாரோ விரல் வெச்ச மாதிரி ஓடும். பழைய டிஸ்ப்ளேன்னா அப்படித்தான்.”

அப்போதுதான் படிக்கட்டுப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. “கம்பெனிக்காரங்க! போலீசோட வராங்க!”

டூப்ளிகேட் சாமான் பிடிக்க வருகிறவர்கள். அந்தச் சந்தை முழுவதும் ஒரு உடம்பு மாதிரி சுருங்கியது. தூரத்தில் ஒரு ஷட்டர் விழுந்தது, அடுத்தது, அடுத்தது, அலைபோல எங்களை நோக்கி வந்தது. மல்லேஷ் மேஜைக்கடியிலிருந்து இரண்டு பைகளை இழுத்துத் தோளில் போட்டான்.

“நான் வெளிய போயிடறேன்.”

“இப்ப வெளிய வந்தா உன்னைத்தான் மொதல்ல கேப்பாங்க. சத்தம் போடாம உக்காரு. என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும். பத்து நிமிஷம்!”

மெயின் சுவிட்சை அணைத்தான். ஷட்டர் விழுந்தது. பூட்டு வெளியிலிருந்து இறங்கியது.

இருட்டு.

கத்தினேன். “டேய்! தெறடா!” என் குரல் தகரத்தில் மோதி என் மேலேயே விழுந்தது. வெளியே அத்தனை கடைக்காரர்களும் ஓடிவிட்டிருந்தார்கள். நாற்பத்தேழு ஷட்டர், கடைசியில் நான்.

ஃபேன் நின்றதும் காற்று கனத்துவிட்டது. தின்னர் நெடி கண்ணில் எரிந்தது. கையை நீட்டினால் இந்தப் பக்கமும் சுவர், அந்தப் பக்கமும் சுவர். ஸ்டூலில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். அறுநூறு எண்ணினால் பத்து நிமிஷம்.

நூற்றுப் பத்தில் மேஜை மேல் வெளிச்சம் வந்தது.

என் போன்.

ரப்பர் பேண்டுகளுக்கு அடியில் திரை வெளிறி எரிந்தது. ஒன்பது புள்ளிகள். தானாகத் தொட்டுக்கொள்ளும் என்று சொன்னானே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கோடு மெதுவாக ஓடியது. மேலே, குறுக்கே, கீழே.

தவறான பேட்டர்ன் என்றது போன்.

மறுபடியும் அதே கோடு. மறுபடியும் தவறு. திரை வெளிச்சத்தில் பக்கத்துக் கூட்டின் டேப் தெரிந்தது. உதயஸ்ரீயின் ஒன்பது புள்ளி. மேலே, குறுக்கே, கீழே.

அதே கோடு.

மூன்றாம் முறை அது என் பேட்டர்னைப் போட்டது. போன் திறந்தது.

நான் தொடவில்லை. என் இரண்டு கையும் என் மடியில்தான் இருந்தன.

குறிப்பெழுதும் பக்கம் விரிந்தது. ஒவ்வோர் எழுத்தாக, தெலுங்கை ஆங்கில எழுத்தில் போட்டு, ஹாஸ்டல் பெண்கள் நாங்கள் அடிப்பது போலவே அடித்தது.

‘அக்கா’

பிறகு, ‘எழுந்திரு. கம்ப்யூட்டர்.’

என் கழுத்துக்குப் பின்னால் ஷாம்பு வாசனை வந்தது. அந்த நாற்றமெடுத்த பொந்துக்குள், இப்போதுதான் தலை குளித்துவிட்டு வந்து நிற்கிற ஒரு பெண்ணின் வாசனை.

திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

மூலையில் யு.பி.எஸ்ஸின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மவுஸை அசைத்தேன். திரை எழுந்தது. ‘பில்’ என்று ஒரு கோப்புறை. உள்ளே வரிசையாக எண்கள், பெயர்கள். எல்லாம் பெண்கள். ஒரு ஆணின் பெயர்கூட இல்லை. கடைசியில் ‘212 வேணி’.

ஏழு படங்களும் இருந்தன.

பயம் எல்லாம் போய்விட்டது. இங்கே நின்ற நான்கு நாளும் அவன் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டது இதைப் பார்த்துவிட்டுத்தான். இன்றைக்குத் ‘தங்கச்சி’ என்றதும் இதைப் பார்த்துவிட்டுத்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு என் பெயரிட்ட கோப்புறையை மட்டும் நிரந்தரமாக அழித்தேன். வேறெங்கும் நகல் இருக்கிறதா என்று என் எண்ணைப் போட்டுத் தேடினேன். இல்லை.

மூச்சு விட்டேன்.

மேஜையில் என் போன் மறுபடி வெளிச்சம் போட்டது.

‘நானும்’

‘68’

‘அக்கா நானும்’

அந்தப் பெயர் மேல் மவுஸ் வந்து நின்றது. அழிப்பதற்கு இரண்டு பொத்தான் போதும். நான் திறந்தேன்.

ஏன் திறந்தேன்? இதை எழுதும்போதும் என்னையே கேட்கிறேன். பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். மல்லேஷுக்கு என்ன தோன்றியதோ, அதுவே எனக்கும் தோன்றியது.

படங்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பெண். யாருக்கோ ஆசையாக எடுத்து அனுப்பியவை. அவற்றுக்குக் கீழே அவள் மல்லேஷோடு பேசியதை அவனே படம் பிடித்துச் சேர்த்திருந்தான். ‘அண்ணா ப்ளீஸ், அழிச்சிடுங்க.’ ‘வந்து பாரு, அழிக்கறேன்.’ ‘நீங்க சொன்னபடி வந்தேனே அண்ணா.’ ‘இன்னொரு தடவை வா.’ ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துக்கொண்டே போனேன். கடைசியில் செய்தித்தாளின் ஒரு மூலை. ‘விடுதி மாணவி மரணம். காரணம் தெரியவில்லை’ என்ற தலைப்புக்குக் கீழே அதே முகம், கல்லூரி அடையாள அட்டையின் படம்.

அதையும் சேமித்து வைத்திருந்தான்.

பின்னால் போன் விடாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. சுவரில் என் நிழல் வந்து வந்து போனது.

என் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொன்று.

‘பார்க்காதே’

‘அக்கா பார்க்காதே’

‘அழி’

பூட்டில் சாவி நுழைந்தது.

மவுஸ் என் கையில் வழுக்கியது. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது, வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அப்போதும் நேரம் இருந்தது. ஒரு நொடி. அந்த நொடியில் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன், நான் பார்த்தது அவனுக்குத் தெரியக்கூடாது என்று. ரப்பர் பேண்டோடு போனைப் பிடுங்கிக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து, அவனைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

“என்ன ஆச்சு தங்கச்சி? பயந்துட்டியா?” என்று பின்னால் சிரித்தான்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா கூப்பிட்டாள். “எங்கடி இருக்க?”

“பஸ்லம்மா.”

“பஸ்ஸா? யாரோ தகரத்தைப் போட்டு அடிக்கற சத்தம்தானே கேக்குது?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலையே போலீஸ் நிலையம் போனேன். எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, “அது என்ன மாதிரிப் படம்மா?” சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தார்கள். நாற்பத்தேழில் வேறொருவன் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தான். மல்லேஷ் இல்லை. நான் அழிக்காமல் விட்ட 68-ஓடு அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. அது இப்போது எந்த ஊரில், எந்த ஷட்டருக்குப் பின்னால் இருக்கிறதோ.

அந்த வாரம் என்னோடு பேசிய ஒவ்வொருவரும் அதே சத்தத்தைச் சொன்னார்கள். போனைக் கல்லில் வைத்து உடைத்து மூசி ஆற்றில் எறிந்தேன். பொத்தான் போன் ஒன்று வாங்கினேன். புது சிம், புது எண். ஒன்றரை மாதம் அமைதி.

நேற்று நேர்முகத் தேர்வு, போனில். இரைச்சல் கூடாது என்று ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போனேன். நான்கு பக்கமும் வானம், கொடியில் யாருடைய துணிகூட இல்லை. எதிர்முனைப் பெண்மணி நன்றாகத்தான் பேசினார். நாகவேணி என்று என் முழுப் பெயரைச் சொல்லி, கல்லூரி, மதிப்பெண் எல்லாம் கேட்டார். பாதியில் நிறுத்தினார்.

“மேடம், ஒரு நிமிஷம். உங்க பின்னாடி யாரோ ஷட்டர் தட்டறாங்க.”

திரும்பிப் பார்த்தேன். வெறும் வானம்.

“‘வேணியக்கா’ன்னு கூப்பிடறாங்க. அது நீங்கதானே?” அவர் குரலில் அவ்வளவு கனிவு. “ரொம்ப நேரமா அழறாங்க, பாவம். போய்த் தெறந்து விட்டுட்டு வாங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்.”